பாட்டின் மேல் ஏறிய குரங்கு

என் அண்ணிக்குத் தையல் மிஷின் ரிப்பேர் தொழில். சத்தத்தை வைத்தே மிஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒருநாள் பழைய இரும்புக் கடைக்குப் பல்சக்கரம் தேடிப் போனவர், டிவியில் மாட்டி ஓட்டும் அந்தக்கால வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் செய்தால் நீலத் திரையில் ஒரு சின்னக் கட்டம் கண் சிமிட்டும். அவ்வளவுதான். ஓட்டுவதற்குப் புரோகிராம் வேண்டுமே? அந்தக் காலத்தில் அதெல்லாம் பாட்டுக் கேசட்டில் கிறீச் சத்தமாகப் பதிந்துதான் வருமாம்.

மூன்று மாதம் ஒரு கடை விடாமல் தேடினார். கடைசியில் இணையத்தில் பழக்கமான ஒரு பல் டாக்டர், குரங்கு விளையாட்டு ஒன்றை ஒலிப்பதிவாக அனுப்பினார். போனிலிருந்தே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அண்ணி கேட்பாரா? டேப்ரிக்கார்டரில் ஓட்டினால்தான் ஓட்டியதாக அர்த்தமாம்.

வீட்டில் இருந்ததோ ஒரே கேசட். ஆடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அண்ணன், கல்யாணத்துக்கு முன்னால் ஆண்டு விழாவில் பாடியது. அவர் குரல் பதிவானது அது ஒன்றில்தான். யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் மேல்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து வைத்திருந்தார். அவை இல்லாவிட்டால் ரிக்கார்டு பட்டன் இறங்காது.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அதுல பதிஞ்சுக்கறேங்க" என்றார் அண்ணி.

"பதிஞ்சுக்கோ. என் பாட்டுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, அப்புறம் இருக்கு உனக்கு!"

அண்ணி காலிப் பக்கத்தைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். உடைந்த ஓட்டை ஒன்றில் செல்லோடேப் ஒட்டிப் பட்டனை அழுத்தினார். இறங்கவில்லை. திருப்பிப் போட்டார். இறங்கியது. இறங்கிய சந்தோஷத்தில் பதிந்தும் விட்டார். ஒட்டியது தப்பான ஓட்டை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வீட்டில் ஒருவரும் மூச்சு விடக் கூடாதென்று உத்தரவு. ஒயர் வழியாகப் போகிற சத்தத்துக்கு எங்கள் பேச்சு என்ன செய்யும்? இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் திரையில் ஒரு குரங்கு குதித்தது. அண்ணி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அண்ணன் மூன்று முறை குரங்கைக் கீழே தள்ளிவிட்டு, "சரி, இப்ப என் பாட்டைப் போடு" என்றார்.

திருப்பிப் போட்டால் காலி டேப்பின் வெறும் இரைச்சல். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க... குரங்கு உங்க பாட்டு மேல ஏறிடுச்சுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கேசட்டை மறுபடி திருப்பி, ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டார். ஐந்து நிமிடமும் குரங்கின் கிறீச் சத்தம். யாரும் நிறுத்தவில்லை. அது முடிந்ததும் பாட்டின் கடைசி வார்த்தை பாதியில் கேட்டது. பிறகு கைதட்டல். அதற்கு நடுவே காதைக் கிழிக்கும் ஒரு விசில். அன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு மிஷின் ரிப்பேருக்கு வந்தவர் அடித்தது.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாட்டு கிடக்குது விடு. அந்தத் துண்டை நான் உடைச்சு வச்சதே உன் விசிலுக்காகத்தான்" என்றார்.