மதாம் கழுவி வைத்த பால் பாட்டில்

அந்தப் பொம்பளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

முதலியார்பேட்டையில் ஒரே முற்றம், ஒரே குழாய், இரண்டு குடித்தனம். ஒன்றில் நாங்கள், மில் கூலிக் குடும்பம். இன்னொன்று சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் மனைவியை 'மதாம்' என்று கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள், மகராசி.

எழுபதுகளில் பால் கண்ணாடி பாட்டிலில் வந்தது. காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்தால்தான் பூத்தில் பால் பாட்டில் கிடைக்கும். மதாமோ 'உடைஞ்சி போச்சி' என்று பொய் சொல்லிச் சொல்லியே பாட்டில் சேர்த்தாள். ஒன்றில் மணிபிளான்ட், ஒன்றில் விளக்கெண்ணெய், ஒன்றில் ரேஷன் மண்ணெண்ணெய். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கடைசியில் பூத்துக்காரர் கண்டிப்பாகிவிட்டார். காலி இல்லையென்றால் யாருக்கும் பால் இல்லை. வருகிற பாட்டிலையும் மோந்து பார்த்துத்தான் வாங்குவார்.

அப்போது என் குழந்தைக்கு மூன்று மாதம். எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. அந்த ஒரு பாட்டில் பாலை நம்பித்தான் குழந்தை இருந்தது.

ஒருநாள் விடியற்காலையில், குழாயடியில் நான் கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். அதை மூக்கருகே கொண்டுபோன பூத்துக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, கிருஷ்ணாயில் ஊத்தி வெச்சிருந்தியா?"

"ஐயோ, நான் இல்லீங்க! கொழந்தைக்குப் பாலு வேணும், இன்னிக்கு மட்டும் குடுங்க."

"இதுல நாளைக்கு வேற ஒரு கொழந்த குடிக்கணுமே. பாட்டிலு ஒழுங்கா திரும்பி வந்தாத்தாம்மா பாலு வரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னிடம் வேறு பாட்டிலும் இல்லை. அந்தக் காலி பாட்டிலோடேயே திரும்பினால், மதாம் முற்றத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என் பாட்டில எடுத்துக்கினு உங்க கிருஷ்ணாயில் பாட்டில வெச்சிட்டிங்களா, மதாம்?"

"அதுக்கு இன்னா இப்போ? கழுவித்தானே வெச்சேன்."

ஒரு சொட்டுப் பால் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்று முழுக்க நொய்க்கஞ்சித் தெளிவைச் சங்கில் புகட்டினேன். குழந்தை துப்பித் துப்பி, தொண்டை கம்மும்வரை அழுதது. நானும் அழுதேன். அவள் நாசமாய்ப் போக என்று வாய்விட்டுச் சபித்தேன். மறுநாள் என் வீட்டுக்காரர் மில் சிநேகிதர் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்தார். மண்ணெண்ணெய் பாட்டிலை நான் எறியவில்லை. துணியால் வாயை அடைத்துப் பரணில் போட்டேன்.

குழந்தை சோறு தின்னத் தொடங்கிய பிறகு, மதாமின் மகன் பிரான்சிலிருந்து லீவில் வந்தான். வந்த அன்றைக்கே அவள் வீட்டுப் பால் திரிந்துபோனது. என் வாசலுக்கு வந்து பல்லைக் காட்டினாள்.

"ஏம்மா, எம்புள்ளைக்குக் காப்பி போடணும். கொஞ்சம் பாலு குடேன்."

பரணிலிருந்து அந்தப் பாட்டிலை இறக்கினேன். அவள் கண்ணெதிரிலேயே குழாயடியில் கழுவி, பாலை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியவள் மோந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது! எம்புள்ள இத எப்பிடிக் குடிப்பான்?"

"கழுவித்தானே குடுத்தேன், மதாம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.