தெங்கிரி மீனுக்கு ரசீது கிடையாது

ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு நன்கொடை திரட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது, கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். எனக்குக் கூச்சம் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நன்றாகக் கண் தெரிகிறவர்களுக்கே கண்ணாடி விற்றிருக்கிறேன். ஆனால் கொடுத்தவர் நம்மிடம் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் கேட்டவர் மீன்கார அண்ணன். மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் மொத்த வியாபாரம் செய்கிறவர். புதன்கிழமைதோறும் ஈப்போ சந்தைக்கு லாரியில் வரும்போது எங்கள் வாசலில் ஒரு பெட்டி மீன் இறக்கிவிட்டுப் போவார். பெரும்பாலும் தெங்கிரி. நல்ல விலையுள்ள மீன். குழம்பு கொதித்ததும் டிவி முன்னால் தூங்குகிறவர்கள் தாமாகவே விழித்துக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமை, பெட்டியை இறக்கிய பிறகும் அவர் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, இந்த வருஷம் குடுத்த மீனுக்கெல்லாம் சேத்து டேக்ஸ் ரசீது ஒண்ணு போட்டுக் குடு லா. அக்கவுண்டன் கேக்குறான்."

வரிவிலக்கு ரசீது கொடுக்க இல்லத்துக்கு அனுமதி இருந்தது. மீனுக்கும் கொடுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வருமான வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா பொறுமையாக விளக்கினார். எங்களைப் போன்ற இல்லத்துக்குப் பணமாகக் கொடுத்தால்தான் அந்த ரசீது. பொருளாகக் கொடுத்தால் நன்றிக் கடிதம் மட்டும்தான். பிறகு என்ன மீன் என்று விசாரித்தார். தெங்கிரி என்றதும் அவருக்கே மனம் கேட்கவில்லை. "சாயாங் லா", அடடா வீணாகிறதே என்று பெருமூச்சு விட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். வியாபாரி யோசிக்கும்போது எதிரே நிற்பவருக்குப் பயம் வரவேண்டும். எனக்கு வரவில்லை.

"சரி, காசாவே குடுத்துடுறேன். ரசீது குடு. அந்தக் காசுல என்கிட்டயே மீன் வாங்கிக்க. யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கும் சரியென்றே பட்டது. அவருடைய கம்பெனி காசோலை வந்தது. ரசீதைத் தன் பெயரில் போடச் சொன்னார். காசோலை யாருடையதோ அவர் பெயரில்தான் போடமுடியும் என்றேன். "கம்பெனியே நான்தானே லா" என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார்.

அடுத்த புதன் பெட்டியைத் திறந்தால் மலிவு மீனான கெம்போங். அதிலும் விரல் நீளக் கெம்போங். எங்கள் சமையல்கார அக்கா கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். சர்ச்சில் தவிர வேறெங்கும் குரலைத் தாழ்த்தாதவர். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார்.

"தெங்கிரி எங்கண்ணே?"

"வெல ஏறிப்போச்சுக்கா."

"போன வாரம் மட்டும் ஏறலியா?"

"போன வாரம் தர்மம். இப்ப நீங்க கஸ்டமர்."

"கஸ்டமரா? அப்ப சரி" என்றார் அக்கா. மறுவாரம் பஸ் ஏறி சந்தைக்குப் போய், வேறு கடையில் பேரம் பேசித் தெங்கிரி வாங்கிவந்தார். அண்ணன் கொண்டுவந்த பெட்டி வந்த லாரியிலேயே திரும்பியது.

சாயங்காலம் அண்ணன் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார்.

"என் காசுல என் போட்டிக்காரன்கிட்ட மீன் வாங்குறீங்க. இது என்ன நியாயம்?"

நியாயம் எனக்கும் விளங்காததால் மறுநாள் அதே கவுண்டருக்குப் போனேன். "ஈக்கான் லாகி?" என்றார் அந்த அம்மா, மறுபடியும் மீனா என்று. கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கொடுத்தவரிடமே திரும்பி வரவேண்டும் என்ற பேச்சோடு கொடுக்கும் பணம் நன்கொடையே ஆகாது, அதற்கு ரசீது கொடுத்தால் உங்கள் அனுமதிக்கே ஆபத்து என்றார்.

இல்லத்தின் செயற்குழு கூடியது. செலவான தொகையைக் கைக்காசு போட்டு ஈடுகட்டி முழுப் பணத்தையும் திருப்பினோம். ரசீதைக் கேட்டு வாங்கி ரத்து செய்தேன்.

"இன்னொரு தடவ குடுத்தா, எங்க வேணாலும் வாங்கிக்கங்க" என்றார் அண்ணன். "அவன்கிட்ட மட்டும் வேணாம்."

"அதுவும் நிபந்தனதாண்ணே."

"அப்ப காசும் குடுத்துட்டு வாயையும் மூடிக்கணும்?"

"ஆமாண்ணே."

அவர் கிளம்பிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் மழைக்காலம் தொடங்கி, எங்கள் சாப்பாட்டுக்கூடம் ஒழுகுவதாகக் கேள்விப்பட்டதும் ஒரு காசோலையோடு வந்தார்.

"இது கூரைக்கு. நான் கூர விக்கிறதில்ல."

கம்பெனி பெயரில் ரசீது போட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமைகளில் மீனும் மறுபடி வர ஆரம்பித்தது, தர்மமாகவே. அதற்கு மாதம் ஒரு நன்றிக் கடிதம் எழுதுகிறேன். அதில் தெங்கிரி என்று தெளிவாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. எழுதிவிடுகிறேன். விலையையும் போடச் சொல்லி இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.