வளர்மதி கொடுத்த ஒத்தடம்

விருத்தாசலத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் வளர்மதிக்குத்தான் வாய் அதிகம். கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் ப்யூஸ் கேரியரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே சூப்பர்வைசர் வரைக்கும் எல்லாரையும் கிண்டல் செய்வாள். அவள் புருஷன் சாமிதுரை பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டு, "நான் என்ன முழுங்கவா செய்யறேன்? துப்பிடறேன் இல்ல?" என்பார். துப்பினால் ஆயிற்றா? கன்னத்துத் தோல் வழியாகவே அது உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போது தொண்டையில் புற்று.

வலிக்கு முதலில் மாத்திரை கொடுத்தார்கள். தண்ணீரே இறங்காத தொண்டையில் மாத்திரை எங்கே இறங்கும்? அப்புறம் ஊசி. நரம்பு தேடித் தேடிக் கையெல்லாம் கறுத்துப்போனது. வலியில் அவர் தலையணையைக் கடிப்பார். அந்த மனுஷன் ஒரு மத்தியானமாவது வலியில்லாமல் தூங்க வேண்டும், வளர்மதி கேட்டது அவ்வளவுதான்.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில், பிளாஸ்திரி மாதிரி ஒரு பேட்ச் கொடுத்தார்கள். தோளில் ஒட்டினால் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ரத்தத்தில் சேருமாம். "அது மேல சூடு படக்கூடாதும்மா" என்றார் நர்ஸ் அன்புக்கரசி. ஏன் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். சூடு பட்டால் பசை விட்டுவிடும் போல என்று வளர்மதி நினைத்துக்கொண்டாள். அவருக்கு வெந்நீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

எங்கள் கம்பெனியில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்து, உடைந்த ப்யூஸ் கேரியரைச் சுடவைத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்போம். சூட்டில்தான் தைலம் உள்ளே இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்ச் மருந்தும் அப்படி நன்றாக இறங்கட்டும் என்று வளர்மதியும் அதையே செய்தாள். பசை விட்டுவிடாமல், பேட்சின் மேல் பதமாக வைத்து வைத்து எடுத்தாள். மருந்து இறங்கியது. நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கியது.

சாமிதுரை தூங்கினார். வளர்மதி சந்தோஷம் தாங்காமல் என் வீட்டுக்கே ஓடி வந்தாள். "அக்கா, வந்து பாருங்களேன், எம்மாம் நல்லா தூங்குறாரு!"

போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பேட்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு நரம்பில் ஒரு ஊசி போட்டார். சாமிதுரை கண்ணைத் திறந்தார். அந்த ஊசி மயக்கத்தோடு சேர்த்து வலி மருந்தையும் முறித்துவிட்டது. கெட்டுப்போன அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு கத்தல்! காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

டாக்டர் வளர்மதியைத்தான் திட்டினார். "சூடு வெச்சா மருந்து வேகமா உள்ள போயிடும்மா. உசுரே போயிருக்கும், தெரியுமா?"

சாமிதுரை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து புது பேட்ச் ஒட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஒத்தடத்த இன்னொரு வாட்டி குடு புள்ள."

எங்கள் மூன்று பேருக்குமே அவர் என்ன கேட்கிறார் என்று தெரியும். அந்த வாயாடி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள். சோறு பாதிதான் வெந்திருந்தது.