ரேடியோ அறைப் பெண்

யுத்தம் முடிந்த பிறகுதான் எங்கள் ஊர் உடப்பில் மீனவர் சங்கத்துக்கு ரேடியோ செட் வந்தது. கடலில் நிற்கும் வள்ளங்களோடு கதைக்க ஒரு பெண்ணை வைத்தார்கள். மெலிந்தவள், தடித்த கண்ணாடி போட்டவள். கதைக்குமுன் முந்தானையால் மைக்கைத் துடைப்பாள். அதைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

என் கணவர் கடலுக்குப் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அந்த இரண்டு நாளும் அவர் குரல் அவளுக்குத்தான் கேட்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சங்க அறைக்குள் போய்விட்டேன்.

“இவ்வளவு தூரத்தில இருந்து, இந்தச் சுவரையும் தாண்டி அவர்ர குரல் எப்படி உனக்குக் கேக்குது?”

என் கோபம் அவளுக்கு விளங்கவில்லை.

“சுவருக்குள்ளால அலை வந்திடும் அக்கா. தூரம்தான் கரைச்சல். கடல் வளைஞ்செல்லோ கிடக்கு, அதுதான் ஏரியலைத் தென்னைக்கு மேல உயர்த்திக் கட்டியிருக்கு. நீங்களும் கதைச்சுப் பாருங்கோ.”

அவரைக் கூப்பிட்டு, மைக்கைத் துடைத்து என்னிடம் தந்தாள்.

“எப்படி இருக்கிறீங்க?” என்றேன்.

“சொல்லுங்க தங்கச்சி, காத்து இன்னும் கூடப்போகுதோ?” என்றார் அவர்.

அவள் குனிந்து, “அண்ணா, இது உங்கட மனுசி,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

தங்கச்சி என்ற சொல்லோடு என் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் என் குரலை அவளுடையது என்று அவர் நினைத்தது இன்றும் உறுத்துகிறது. அவளை வெறுக்க ஒரு காரணமும் கிடைக்காததுதான் அதைவிடப் பெரிய எரிச்சல்.