முப்பிடாதியும் அவளுடைய வானிலை அதிகாரியும்

முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபத்துநான்கில். சுக்குக் கிட்டங்கியின் முற்றத்தில் இஞ்சியைக் காயப்போடுவதும், மழைக்கு முன் வாரி உள்ளே சேர்ப்பதும் வேலை. நனைந்தால் பூசணம் பிடிக்கும், கப்பல் ஏறாது. ஆகவே மழை எப்போது வரும் என்பதுதான் அங்கே பெரிய படிப்பு. முப்பிடாதிக்கு வாத்தியார், முற்றத்து வாழைமட்டைக்குள் குடியிருந்த ஒரு பச்சை மரத்தவளை.

ஆள் கட்டைவிரல் நகமளவு. கத்தும்போது மட்டும் தொண்டை உடம்பைவிடப் பெரிதாகிவிடும். பகலில் அது ‘டிக், டிக்’ என்றால் அரைமணிக்குள் மழை. ஏழு வருஷமாக ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்பாள். அதில் பாதிதான் பொய்.

எண்பத்தொன்று பங்குனியில் பிசகியது. தவளை கத்த, இவள் “வாருங்கடி!” என்று கூவ, பதினாறு பெண்கள் விழுந்தடித்து வாரினார்கள். வெயில் பல்லைக் காட்டியது. மறுநாளும் அதே கூத்து.

மேஸ்திரி ராசப்பன் முற்றத்தில் முக்காலி போட்டு, அதன்மேல் தன் ரேடியோவை வைத்தார்.

“எடி முப்பிடாதி, இனி இதாக்கும் மழை சொல்லுறது. இன்னொருக்கா வெறுதே வாரினா, நீயும் தவளையும் ஒண்ணிச்சு ஊருக்கு வண்டி ஏறிக்கோ.”

“அதுக்கு அரை டிக்கெட் போதும் அண்ணாச்சி.”

வாய்தான் அப்படி. அந்த வேலை போனால் மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சியில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வாழையடியிலேயே உட்கார்ந்து கவனித்தாள். அந்த வாரம்தான் மிளகு சலிக்கும் சல்லடையை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தகரத்தில் மிளகு ‘டிக், டிக்’ என்று உருண்டால் தவளை கத்துகிறது. சல்லடை நின்றால் வாயை மூடுகிறது.

“அட பாவி! இன்னொரு மாப்பிள்ளை வந்துட்டான்னு போட்டிக்கில்ல பாடியிருக்கே!”

மூன்று மணிக்கு மறுபடி ‘டிக், டிக்’. வானம் துடைத்துவைத்த நீலம்.

“ஏ மாயம்மா, சல்லடைய நிறுத்துடீ!”

சல்லடை நின்றது. தவளை நிற்கவில்லை. ராசப்பன் இடுப்பில் கைவைத்து முறைத்தார். முப்பிடாதி அவரைப் பார்த்தாள், வாழையைப் பார்த்தாள்.

“வாருங்கடி!”

கடைசிச் சாக்கு உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ரேடியோவை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ராசப்பனே சல்லடையை முற்றத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துப்போனார்.

“மிளகுத் தூசி வாழைக்கு ஆகாது” என்றார்.

“வாழைக்கா அண்ணாச்சி?”

அவர் மட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.