முதல் வரிசையில் ஓர் இருமல்

"அதனால?" என்று கேட்டுவிட்டு, சோதனைக்கூட மேசையில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார் அந்தப் பெண்மணி. எதிரே நிற்கும் ஆராய்ச்சியாளர் கால் மணி நேரமாக மூச்சுவிடாமல் விளக்கி முடித்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பாவம், முதலிலிருந்து தொடங்குகிறார். முடிந்ததும் மறுபடியும் அதே கேள்வி: "சரி சார், அதனால?" மூன்று நான்கு முறை கேட்ட பிறகுதான் மனிதர் வழிக்கு வருகிறார். "அதனால... தண்ணித் தொட்டியில சீக்கிரம் பாசி பிடிக்காதும்மா." "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவிக்கு நீளமான பெயர். அறைக் கதவில் அது இரண்டு வரிக்கு மடிந்து கிடக்கிறது. உள்ளே கண்டுபிடிப்பதை வெளியே இருப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சோதனைக்கூடங்களில் அவர் 'அதனாலக்கா'. தொழிற்சாலைகளில் 'யுனிவர்சிட்டி மேடம்'. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். "இன்னைக்கு வண்டி பஞ்சர்" என்று அவர் வந்து உட்கார்ந்தால்கூட இவர் வாயிலிருந்து "அதனால?" வந்துவிடும். "அதனால வண்டி நின்னுபோச்சு, வேறென்ன ஆகும்?" என்று அவரும் விடமாட்டார்.

எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். பெயின்ட், துணி, உடைந்த ஓடு எதுவும் தப்பாது. கைப்பையில் எப்போதும் ஒற்றைச் செருப்பின் அடிப்பாகமோ, யாரோ பரிசோதிக்கக் கொடுத்த குழாய்த் துண்டோ இருக்கும். கூடவே இருமல் மிட்டாய் டப்பா ஒன்று. அவருக்கு இருமல் கிடையாது. அது வேறு கதை.

சில கண்டுபிடிப்புகளுக்கு முதலில் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். போடுவதற்கு முன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டால் உரிமை கைநழுவிப் போகும். ஆனால் பேராசிரியர்களைப் பேசாதே என்பது, பொங்குகிற பாலை ஊதியே அடக்குகிற காரியம். அதனால் அவர்கள் எங்கே பேசினாலும் அதனாலக்கா முதல் வரிசையில் இருப்பார். பேச்சு சூத்திரத்தை நெருங்கும்போது ஓர் இருமல். அடங்காவிட்டால் தொடர்ந்து இரண்டு. மேடையில் இருப்பவர் திடுக்கிட்டு, பேச்சை மாற்றிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். மானத்தைக் காப்பாற்ற ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்.

இந்த வித்தை இதுவரை தேவைப்படாத ஒரே ஆள் பசை வாத்தியார். ஷூவின் அடிப்பாகத்தை ஒட்ட, தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வாடை இல்லாத பசை ஒன்றைக் கண்டுபிடித்தவர். அது எதற்கு வேண்டும் என்று அதனாலக்கா யாரையும் கேட்கவில்லை. ஒரு சின்ன ஷூ தொழிற்சாலையின் ஒட்டும் அறையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். "எங்களுக்குப் பழகிடுச்சு மேடம்" என்று பிரஷ்ஷும் கையுமாக ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பழகவே இல்லை.

தொழிற்சாலையை நடத்தும் அம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தப் பசைக்காக மெஷினெல்லாம் மாத்தணும். நான் கஷ்டப்பட்டு மாத்தினதும், பெரிய கம்பெனிக்காரன் நோகாம அதே பசையைப் போட்டா நான் தாங்க மாட்டேன். உரிமை இருந்தாதான் இறங்குவேன்." நியாயம்தான். வெள்ளிக்கிழமை வாத்தியார் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். திங்கள்கிழமை வக்கீல் அதைத் தாக்கல் செய்வதாக ஏற்பாடு.

நடுவில் வந்தது சனிக்கிழமை. பல்கலைக்கழகத்தைப் பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் நாள். அதனாலக்கா தொழிற்சாலையில் அந்த அம்மாளோடு மெஷின் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார். மேசையில் அன்றைய நிகழ்ச்சிகளின் துண்டறிக்கை கிடந்தது. அதைப் பார்த்த அம்மாளின் முகம் மாறியது.

"மேடம், 'வாடையில்லாப் பசை, முழுச் செய்முறை விளக்கம்'னு போட்டிருக்கு. இது நம்ம பசைதானே?"

அதனாலக்கா உடனே போன் போட்டார். வாத்தியார் போனை எடுக்கவில்லை. துண்டறிக்கைப்படி அவர் பேசத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கிடைத்த வண்டியில் ஏறி, பல்கலைக்கழக வாசலில் இறங்கி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் அந்தப் பிரஷ் பிடித்த பெண்ணின் சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது.

அரங்கக் கதவைத் தள்ளினார். காலி நாற்காலிகள். திரையில் பேச்சின் தலைப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் வாத்தியார்.

"பேசி முடிச்சிட்டீங்களா சார்?"

"யாருக்கும்மா பேச? ஒருத்தரும் வரல. பக்கத்து ஹால்ல ரோபோ பந்து விளையாடுதாம். என் வீட்டுக்காரிகூட அங்கதான் போயிருக்கா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர் வந்தாரு. டாய்லெட் எங்கன்னு கேட்டாரு."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இடதுபக்கம்னு சொன்னேன்."

"பசையைப் பத்தி?"

"கேக்கவே இல்லியேம்மா."

அப்பாடா! அதனாலக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. ரோபோவுக்கு ஒரு மாலை போடலாம் போலிருந்தது. அங்கேயே நின்று தொழிற்சாலை அம்மாளுக்கு போன் போட்டார். "ஒண்ணும் ஆகல. மெஷினுக்கு இடம் பாருங்க." மறுமுனையில் பெருமூச்சும், "வயித்துல பாலை வார்த்தீங்க" என்ற குரலும் வந்தன.

"ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?"

"நேத்து கையெழுத்துப் போட்டேன்ல? அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஏழு வருஷமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னா எப்படிம்மா? இன்னைக்குச் சொல்லிடலாம்னு நானே நாற்காலியெல்லாம் வரிசையாப் போட்டேன்." வாத்தியார் கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார். "நீங்க சந்தோஷமா இருக்கீங்க. அதுவும் சரிதான்."

காலம் பூராவும் இவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்கு ஆள் தேடி அலைந்தவர், ஆள் வராததற்காக இப்போதுதான் சந்தோஷத்தில் குதித்திருந்தார். அதனாலக்காவின் சிரிப்பு அடங்கியது. வரிசை பிசகாமல் நின்ற நாற்காலிகளைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"அணைக்காதீங்க சார். ரகசியம் காப்பேன்னு நான் எப்பவோ கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்குச் சொல்லலாம்."

அரங்கக் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார். திரும்பி வந்து முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கைக்கு வந்த மிட்டாய் டப்பாவைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.