வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறும் சேர்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன் பயணக் கட்டுரை எழுதினால் யார் வாசிப்பது? ஆனால் அன்று பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை.

காலை 8.10, புத்தளம். கூட்டாளி நிஸ்தாரின் முச்சக்கர வண்டியில் தொற்றிக்கொண்டேன். எனக்கு வேலை எதுவுமில்லை. அவனைச் சீண்டுவதுதான் வேலை. பாலாவிச் சந்தியில், சிலாபத்துக்காரர் ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்து குறிஞ்சிப்பிட்டிக்குப் போகக் கேட்டார். போய்வர ஐயாயிரம் என்றான் நிஸ்தார். அவர் பேரம் பேசவில்லை, ஏறவும் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சில்லுகளை அமத்திக் காற்றுப் பார்த்து, குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார்.

"சேர், ஏறப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?" என்றேன்.

படையில் ஹெலிகொப்டர் ஓட்டியவராம். சுற்றிப் பார்க்காமல் சைக்கிளில்கூட ஏறமாட்டாராம். மூன்று சில்லை நம்பவில்லையோ என்று நிஸ்தார் கேட்டதற்கு, தன்னுடைய ஹெலிக்கும் மூன்று சில்லுதான் என்றார். உப்பளங்களைத் தாண்டும்போது, மேலே போனால் பயமில்லையா என்று நோண்டினேன்.

"மேல போய் ஒண்டும் பிழைக்கிறதில்ல தம்பி. கீழ நிக்கிற நேரம் விட்ட பிழைதான் மேல வந்து பிடிக்கிறது."

அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை. அவரே சொன்னார்: வெள்ளத்தில் மாட்டியவர்களைத் தூக்கப் போன நாள். கூடப் பறக்கும் மெக்கானிக் நிர்மல், ஒருதரம் சுற்றிப் பார்ப்போம் என்றிருக்கிறான். நேரமில்லை, ஏறு என்றிருக்கிறார் இவர். விழுந்ததில் இவருக்குக் கால் போனது. அவன் உயிரே போனது. ஆறு வருடமாக அவனுடைய அப்பாவிடம் சொல்லாததை இன்று சொல்லப் போகிறார்.

10.05, குறிஞ்சிப்பிட்டி. முற்றத்தில் வலை காய்ந்தது. நிர்மலின் அப்பா கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார். சேர் கதிரையில் இருக்கவில்லை.

"அவன் பாப்பம் எண்டவன். நான்தான் வேணாமெண்டது."

அந்த மனுசன் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

11 மணிக்குக் கிளம்பினோம். சேர் இந்த முறை எதையும் பார்க்காமல் நேரே ஏறி இருந்துவிட்டார். பின்னாலேயே வந்த நிர்மலின் அப்பா, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்று சில்லையும் அமத்திப் பார்த்தார்.

"முன் சில்லுக்குக் காத்துக் காணாது. சந்தியில அடிச்சிட்டுப் போங்க."

பாலாவி வரும்வரை சேர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பியே வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பண்ணுவதோடு சரி. சில்லை யார் பார்த்தது?

எழுதியதை நிஸ்தாருக்கு அனுப்பி, போடட்டுமா என்று கேட்டேன். பதில் வந்தது:

"போடு மச்சான், ஆனா நானும் இப்ப சுத்திப் பாக்கிறன் எண்டத மட்டும் எழுதாத."